கல்லை வாசித்த ஆயர்



ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 5ஆந் திகதி முத்திப்பேறு பெற்ற நீல்ஸ் ஸ்டென்சன் ஆயரின் நினைவு நாள். அந்தோனியாரையும் செபஸ்தியாரையும் அறியாத தோட்டம் நமது ஊவாவில் இல்லை. லூர்து அன்னையின் கெபி இல்லாத பங்கும் அரிது. ஆனால் ஸ்டென்சன் என்ற பெயரைக் கேட்டால் நம்மவருள் அநேகர் விழிப்பர். அவருக்கு நம் நாட்டில் திருவிழாவும் இல்லை, சுற்றுப்பிரகாரமும் இல்லை. அப்படியிருக்க, பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் மலைச்சரிவில் குடியிருக்கும் நாம் அவரை ஏன் அறிய வேண்டும்? மலை என்பது என்ன, அது எப்படி உருவாகிறது, எப்படி உடைகிறது, உடைந்தது எங்கே போகிறது என்று உலகுக்கு ஒழுங்காகச் சொல்லித்தந்த முதல்வர்களுள் ஒருவர் இந்த ஆயர். மலையடியில் பிள்ளைகுட்டிகளோடு உறங்குகிறவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.

பொற்கொல்லரின் மகன்

1638ஆம் ஆண்டு ஜனவரி மாதம், டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில் நீல்ஸ் பிறந்தார். தந்தை பொற்கொல்லர், அரச மாளிகைக்கும் நகை செய்து கொடுத்தவர். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது. அந்நாட்களில் டென்மார்க்கில் கத்தோலிக்கராக வாழ்வதற்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை.

குழந்தை நீல்ஸ் மூன்று வயதில் நோயில் விழுந்தார். மூன்று ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியாமல், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தார். நோய் தீர்ந்த வேளையில் தந்தை மரித்தார். பின்னர் கல்விச்சாலையில் சேர்ந்தபோது நகரில் கொள்ளைநோய் பரவியது. 1654, 1655ஆம் ஆண்டுகளில் அவரது பள்ளியில் மட்டும் ஏறத்தாழ 240 மாணவர் மாண்டனர் என்று வரலாறு கூறுகிறது. பக்கத்து வாங்கில் இருந்த தோழன் மறுநாள் இல்லை என்ற நிலை. மரணத்தை இவ்வளவு அருகில் கண்ட பிள்ளை, வாழ்க்கையைத் துச்சமாக எண்ணவில்லை. ஒவ்வொரு நாளையும் கணக்கோடு செலவிடப் பழகிக்கொண்டது.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணும் கையும் கூர்மையாக இருந்ததில் வியப்பில்லை. குன்றிமணி எடையில் பொன் நிறுக்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவர், பிற்காலத்தில் எந்தப் பொருளையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதவராக இருந்தார்.

கத்தி முனையில் கண்ட உண்மை

1656இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கத் தொடங்கினார். சுவீடன் படைகள் நகரை முற்றுகையிட்டிருந்த காலத்திலும் படிப்பை அவர் விடவில்லை. பின்னர் ஒல்லாந்து சென்றார். 1660இல் அம்ஸ்ரடாமில் ஓர் ஆட்டின் தலையை அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கன்னத்தின் உட்புறம் உமிழ்நீரைக் கொண்டுவரும் நுண்ணிய குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 22. இன்றும் மருத்துவ நூல்களில் அந்தக் குழாய் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

அடுத்து இருதயத்தை ஆராய்ந்தார். உயிரின் வெப்பம் சுரக்கும் அடுப்பு என்றும், ஆன்மாவின் இருப்பிடம் என்றும் பலவாறு போற்றப்பட்டு வந்த அந்த உறுப்பு, தசையே என்று தெளிவாக எடுத்துக்காட்டினார். பாரிஸ் நகருக்குச் சென்று 1665இல் கற்றோர் அவையில் மூளையைப் பற்றி உரையாற்றினார். மூளையைப் பற்றித் தாம் ஒன்றும் அறியார் என்று ஒப்புக்கொண்டே அந்த உரையைத் தொடங்கினார். பெரிய தத்துவஞானி டெக்கார்ட் மூளையைப் பற்றி எழுதியவற்றுள் எவை மெய்யான மூளைக்குப் பொருந்தவில்லை என்பதையும் தயங்காமல் சொன்னார். அறிந்ததை அறிந்தேன் என்றும், அறியாததை அறியேன் என்றும் சொல்லுகிற நேர்மை அவரிடம் இளமையிலேயே இருந்தது. இந்த நேர்மையே அவரைப் பிற்காலத்தில் மலைகளிடம் கொண்டு சென்றது. அதுவே அவரைத் திருச்சபையிடமும் கொண்டு சேர்த்தது.

சுறாவின் பல்லும் மோல்ற்றாத் தீவின் கல்லும்

1666இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு வந்தார். அந்நாட்டை ஆண்ட மெடிச்சி குலத்துப் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டு அவருக்கு ஆதரவளித்தார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் லிவோர்னோ துறைமுகத்தை அண்டிய கடலில் மீனவர்கள் மிகப் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலை புளோரன்சுக்கு அனுப்பப்பட்டது. அதை அறுத்துச் சோதிக்கும் பொறுப்பு ஸ்டென்சனுக்குக் கிடைத்தது.

சுறாவின் பற்களைப் பார்த்ததும் அவருக்கு வேறொரு பொருள் நினைவுக்கு வந்தது. மோல்ற்றாத் தீவின் மலைகளிலும் வேறு பல இடங்களிலும் நாக்கு வடிவமான கற்கள் கிடைப்பதுண்டு. நாக்குக்கல் என்றே அவற்றை அழைத்தனர். அவை வானத்திலிருந்து விழுகின்றன என்று பண்டைய உரோமையர் எழுதி வைத்தனர். மோல்ற்றா மக்களோ அதற்குப் பக்தியான கதை ஒன்றைச் சொல்லி வந்தனர். புனித பவுல் அப்போஸ்தலர் கப்பற்சேதத்துக்குப் பின் அத்தீவில் கரையேறியதையும், அவர் கையைப் பாம்பு பற்றியும் அவருக்குத் தீங்கு நேராததையும் நாம் அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். அந்த அற்புதத்தின் நினைவாகவே பாம்பு நாக்கைப் போன்ற இக்கற்கள் தீவில் கிடைக்கின்றன என்று நம்பி, நஞ்சுக்கு மருந்தாகவும் அவற்றை விற்றனர்.

ஸ்டென்சன் கல்லையும் பல்லையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தார். வடிவில் இரண்டும் ஒன்றே. இத்தாலிய அறிஞர் பபியோ கொலோன்னா இதே கருத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஸ்டென்சன் அங்கே நிற்கவில்லை. சுறாவின் பல் மலையில் கிடக்கிறதென்றால் அது அங்கே எப்படி வந்தது? கல்லுக்குள் கல் வளர்ந்ததா? அப்படி வளர்ந்திருந்தால், மரவேர் பாறை வெடிப்புக்குள் நெளிவதுபோல அந்தப் பல்லும் நெளிந்து கோணியிருக்க வேண்டும். ஆனால் அது கோணாமல் முழுமையாக இருக்கிறது. ஆகவே பல் முதலில் இருந்தது. அதைச் சூழ்ந்த மண் அப்போது இளகிய சேறாக இருந்தது. பின்னரே அந்தச் சேறு இறுகிக் கல்லானது. அப்படியானால் இன்று மலையாக நிற்கும் அவ்விடம் ஒருகாலத்தில் நீருக்கடியில் கிடந்தது!

சிறிய ஒரு பல்லிலிருந்து எவ்வளவு பெரிய முடிவு, பார்த்தீர்களா? 1667இல் இதை அச்சிட்டு வெளியிட்டார்.

மலைகளின் சரித்திரம்

அதன்பின் தொஸ்கானா நாட்டின் மலைகளையும் கற்குழிகளையும் குகைகளையும் சுற்றிப் பார்த்தார். 1669இல் இலத்தீன் மொழியில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பெரிய நூல் ஒன்றுக்கு முன்னோட்டமாகவே அதை எழுதினார். பெரிய நூல் வரவேயில்லை. ஆயினும் புவிச்சரிதவியல் என்ற விஞ்ஞானத்தின் அத்திவாரக் கற்களுள் ஒன்று அந்தச் சிறு நூலே என்பதை உலகம் ஒப்புக்கொண்டுள்ளது.

அதில் அவர் கூறியவற்றை எளிமையாகச் சொல்லலாம். கலங்கிய நீரைப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து மட்டமாகும். மீண்டும் கலங்கல் நீரை ஊற்றினால் அதன்மேல் இன்னொரு படை படியும். கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது. பூமியின் படைகளும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக மட்டமாகப் படிந்தவை. எங்கேயாவது அவை சாய்ந்தோ உடைந்தோ இருக்கக் கண்டால், படிந்த பிறகு ஏதோ ஒரு விசை அவற்றைச் சாய்த்தது அல்லது உடைத்தது என்று கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கின் இருபுறமும் ஒரே படை தெரிந்தால், இடையிலிருந்த பகுதி பின்னர் அகற்றப்பட்டது என்று பொருள்.

மலைகள் ஆதியிலிருந்தே இன்றுள்ளபடி நின்றவை அல்ல என்றும் அவர் எழுதினார். நிலத்தடியில் நீரும் நெருப்பும் அரித்த வெற்றிடங்களில் மேற்படைகள் இடிந்து சரிகின்றன. மழையும் வெள்ளமும் மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு எடுத்துச் செல்லுகின்றன. சிகரம் உயரவும் கூடும், தாழவும் கூடும். ஒரு நிலம் இருந்த இடத்தை விட்டு மறுபக்கம் நகர்ந்து போகவும் கூடும். தொஸ்கானா நாடு இருமுறை நீரில் மூழ்கி, இருமுறை மட்டமான வெளியாகி, இருமுறை உடைந்து மேடுபள்ளமானது என்று ஆறு கட்டங்களாக அதன் சரித்திரத்தை வகுத்தார்.

அவர் காலத்தில் உலகின் வயதை ஆறாயிரம் ஆண்டுக்குள் அடக்கிக் கணக்கிட்டனர். அவரும் அந்த எல்லைக்குள் நின்றே சிந்தித்தார். இன்றைய அறிவு அந்த எல்லையை வெகுதூரம் கடந்துவிட்டது. அதனால் அவருடைய முறை பொய்யாகவில்லை. படையைப் பார்த்து முன்பின் அறியும் அந்த முறையைக் கொண்டுதான் பின்வந்தோர் உலகின் நெடிய வயதையே கண்டறிந்தனர்.

நமது ஊவாவில் நடப்பது

இப்போது, வாசகரே, தொஸ்கானாவை விட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

நமது மலைநாட்டின் பாறைகள் மிக முதியவை. இவற்றுட் பல, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியவை என்று புவிச்சரித வல்லுநர் கூறுவர். அவற்றுள் சில அதற்கும் முன்னே கடலடியில் படிந்த மணலும் சுண்ணாம்பும் ஆகும். மணல் வெண்கற்பாறையாயிற்று; சுண்ணாம்பு சலவைக்கல்லாயிற்று. ஸ்டென்சன் சொன்ன கலங்கல் நீரின் படைகள் இங்கேயும் உண்டு. சூளையில் வெந்த செங்கல்போல அவை உருமாறிவிட்டன.

அந்தப் பாறை இன்று உடைந்துகொண்டிருக்கிறது. சம்மட்டியால் அல்ல, மழையால். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கலந்து, அதை மிக மெல்லிய அமிலமாக்குகிறது. நாக்கில் வைத்தால் புளிக்காத அந்த அமிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறை வெடிப்புக்குள் கசிகிறது. பாறையில் உள்ள பெல்ஸ்பார் என்னும் கனியம் கரைந்து களிமண்ணாகிறது. காக்காப்பொன்னும் சிதைகிறது. இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. நமது தேயிலை மலைகளின் செம்மண் இவ்வாறு வந்ததே. படிகக்கல் மட்டும் எளிதில் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும், வெடிப்பில் நுழையும் வேரும் தம் பங்கைச் செய்கின்றன. பாதை வெட்டிய மண்சுவரில் வெங்காயத்தோல்போல உரிந்து கிடக்கும் உருண்டைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பாதி வழியில் நிற்கும் பாறைகள். தோல் மண்ணாகிவிட்டது, கரு இன்னும் கல்லாக இருக்கிறது. வானிலையாலழிதல் என்று பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிப்பது இதுதான்.

உடைந்தது அங்கேயே இருப்பதில்லை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் விழும் பதுளு ஓயாவும், வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவும் மகாவலியிற் சேர்கின்றன. மகாவலி என்ற பெயருக்கே பெரும் மணலாறு என்பது பொருள். ஊவாவின் மலை மணல் திருகோணமலையின் கொட்டியார்க் குடாவரை பயணம் செய்தது. இப்போது அதில் ஒரு பகுதி அணைக்கட்டுகளில் தங்கிவிடுகிறது. ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் உமா ஓயா கொண்டுவரும் வண்டல் பெரிய தொல்லையாகவே இருந்து வருகிறது. அப்புத்தளைச் செங்குத்துச் சரிவுக்குத் தெற்கேயுள்ள நீரோ, 220 மீற்றர் உயரமான தியலும வீழ்ச்சியாய் இறங்கி, கிரிந்தி ஓயாவோடு தென்கடலுக்குப் போகிறது.

ஆடி ஆவணியில் ஊவாவில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றே. அதே வறட்சியில் நிலம் வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது அந்த வெடிப்புகள் நீரைக் குடிக்கின்றன. நீர் ஏற ஏற மண்ணின் பாரம் கூடுகிறது. மண்துகள்களுக்கு இடையே நிறைந்த நீர் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியைத் தளர்த்துகிறது. அடியில் வழுவழுப்பான களியும் உறுதியான பாறையும். அப்போது, நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நடக்க வேண்டிய வேலையைப் புவியீர்ப்பு சில நிமிடங்களில் செய்து முடித்துவிடுகிறது. மண்சரிவு என்பது இதுவே.

இதில் மனிதனின் கையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடு வெட்டப்பட்டது. ஆழமாய் வேரோடிய மரம் போயிற்று. சரிவைக் குடைந்து பாதையும் லயமும் கட்டப்பட்டன. மலையின் கால் வெட்டுண்டால் மேலே உள்ள பாரத்தைத் தாங்குவது எது? மழைநீரை வழிநடத்த வெட்டிய கான்கள் தூர்ந்துபோகும் இடத்தில் நீர் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.

விசுவாசத்தின் வழி

ஸ்டென்சனின் கதைக்குத் திரும்புவோம். மலைகளை அவர் ஆராய்ந்த அதே ஆண்டுகளில் அவருடைய உள்ளத்திலும் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1666இல் லிவோர்னோ நகரில் கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா. தேவநற்கருணைச் சுற்றுப்பிரகாரம் வீதியில் வந்துகொண்டிருந்தது. மக்கள் முழந்தாளிட்டனர். அதைப் பார்த்து நின்ற லூத்தரன் இளைஞரின் மனதில் கேள்வி எழுந்தது: இது வெறும் அப்பமானால் இம்மக்கள் அனைவரும் மதியீனர், மெய்யாகவே ஆண்டவரின் திருவுடலானால், நான் ஏன் முழந்தாளிடாமல் நிற்கிறேன்? இரண்டில் ஒன்றே உண்மையாக இருக்க முடியும்.

பல்லையும் கல்லையும் ஒப்பிட்ட அதே பொறுமையோடு இக்கேள்வியையும் அவர் ஆராய்ந்தார். வேதாகமத்தையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் மூலமொழிகளில் வாசித்தார். மடத்து மருந்துச்சாலையில் பணிசெய்த கன்னியர் ஒருவரும், லுக்கா நகரத் தூதுவரின் மனைவியான ஒரு பக்தியுள்ள அம்மையாரும் அவருக்காகச் செபித்து, அவரோடு பேசி வந்தனர். 1667 நவம்பரில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அறிவை மூடிவைத்துவிட்டு அவர் விசுவாசத்துக்கு வரவில்லை. கண்களைத் திறந்துகொண்டே வந்தார். மேலே சொன்ன மலைநூலும் அதற்குப் பின்பே, 1669இல், வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள். விசுவாசம் வந்ததும் விஞ்ஞானம் ஓடிவிடவில்லை.

மோதிரத்தை விற்ற மேற்றிராணியார்

தாய்நாடு அவரை மீண்டும் அழைத்தது. 1672 முதல் இரண்டாண்டுகள் கோப்பன்ஹேகனில் உடற்கூற்று ஆசிரியராகப் பணியாற்றினார். மதம் மாறியவர் என்ற கசப்பு அங்கே இருந்தது. புளோரன்சுக்குத் திரும்பி, 1675இல் குருப்பட்டம் பெற்றார். இரண்டாண்டுகளின் பின், 1677 செப்டெம்பரில், உரோமையில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அவரை அபிஷேகம் செய்த கர்தினால் கிரகோரி பர்பரிகோ பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்டவர். வடதேசங்களில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைப் பராமரிக்கும் பொறுப்பு புதிய ஆயருக்குக் கொடுக்கப்பட்டது.

ஹனோவர் நகரில் அவர் தங்கியிருந்தபோது, அங்கே பணியில் இருந்த பெரும் அறிஞர் லைப்னிட்ஸ் அவரைச் சந்தித்தார். இவ்வளவு பெரிய விஞ்ஞானி ஆராய்ச்சியை விட்டுவிட்டாரே என்று லைப்னிட்ஸ் வருந்தியதுண்டு. உலகத்தார் கண்ணுக்கு அது நட்டம்தான். ஆனால் ஸ்டென்சனுக்குக் கல்லைவிட ஆன்மாக்கள் பெரியவையாகத் தோன்றின.

1680இல் மூன்ஸ்ரர் மறைமாவட்டத்தில் துணை ஆயரானார். பங்கு பங்காகச் சென்று பிரசங்கித்தார். குருக்களின் ஒழுக்கத்தைச் சீர்ப்படுத்தினார். ஏழைகளுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதபோது ஆயருக்குரிய மோதிரத்தையும் மார்புச் சிலுவையையும் விற்றார். பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர் அல்லவா? பொன்னின் விலை அவருக்கு நன்றாகத் தெரியும். பசியின் விலையும் தெரிந்திருந்தது. 1683இல் அங்கே புதிய ஆயர் தேர்வில் பணம் கைமாறியதைக் கண்டு, அதற்கு உடன்படாமல் பதவியை விட்டு வெளியேறினார். ஹம்பேர்க் நகரிலும், இறுதியில் ஷ்வேரினிலும், மிகச் சிறிய கத்தோலிக்கக் கூட்டங்களுக்கு ஒரு சாதாரண குருவைப்போல் ஊழியம் செய்தார். கிழிந்த மேலங்கியும் கடும் உபவாசமும் அவரது உடலை உருக்கின. 1686 டிசம்பர் 5ஆந் திகதி, பித்தப்பைக் கற்களால் உண்டான கொடிய வேதனையோடு ஷ்வேரினில் மரித்தார். வயது 48. அவரிடம் இருந்தவை சில பழைய உடுப்புகளே.

பெருங்கோமகன் மூன்றாம் கொசிமோ அவரது உடலைப் புளோரன்சுக்கு வருவித்தார். சான் லொரென்சோ ஆலயத்தில் அவர் துயில்கிறார். 1988 ஒக்டோபர் 23ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

மலை பேசுகிறது, நாம் கேட்கிறோமா?

வாசகரே, இவ்வாழ்க்கையை நான் உங்களுக்கு எடுத்துச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. வேலைக்குப் புறப்படும் நேரம். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிழைத்தனர். வீட்டில் இருந்த பெற்றோர் சிலர் லயங்களோடு புதைந்தனர். பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்திருந்தது. அந்தச் சரிவே முன்னொருகால் சரிந்து வந்த மண் தங்கிய இடம். ஸ்டென்சன் சொன்னதுபோல, அந்த மண்ணின் படையில் அதன் பழைய கதை எழுதப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தும் இருந்தார்கள். வாசித்தது நடைமுறைக்கு வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்தன. மீண்டும் குடும்பங்கள் புதைந்தன.

இவை நேரும்போது, கடவுளின் தண்டனை என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிச் சொல்லாதீர்கள். மழையில் நனைந்த களிமண் சரிவில் வழுக்குவது இறைவன் படைப்பில் வைத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கே பாறையைச் செம்மண்ணாக்கி நமக்குச் சோறு போடுகிறது. அந்த ஒழுங்கை அறிந்திருந்தும், சரியும் மலையடியில் ஏழைகளை இருத்தி வைப்பதே பாவம். அது மலையின் பாவம் அன்று, மனிதருடையது. கற்பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். ஆனால் கற்பாறையில் கட்டச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம், ஏன் மணலில் குடியிருக்கிறாய் என்று கேட்பது நீதியாகுமா? தலைமுறை தலைமுறையாக இம்மலைகளைப் பொன்விளையும் பூமியாக்கிய மக்களுக்கு, பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலமும் வீடும் கிடைக்க வேண்டும். இதைக் கேட்பது அரசியல் என்று சிலர் ஒதுங்குவர். மோதிரத்தை விற்ற ஆயர் ஒதுங்கியிருக்க மாட்டார்.

அந்த நாள் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. மலை சரியுமுன் பல தடவைகளில் அடையாளம் காட்டுகிறது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. சாயத் தொடங்கும் மரமும் மின்கம்பமும். மூட முடியாமல் இறுகும் கதவு. இல்லாத இடத்தில் திடீரெனக் கிளம்பும் ஊற்று. தெளிந்து வந்த பீலித் தண்ணீர் கலங்குதல், அல்லது சட்டென நின்றுபோதல்: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இராதீர்கள். கிராம சேவகருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்கவும், 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் உடனே வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. மழைமானி உள்ள தோட்டத்தில் அதை ஒருவர் நாள்தோறும் பார்த்துச் சொல்லட்டும். இல்லாத இடத்தில் பங்கு இளைஞர் ஒன்றைப் பெற்று வைக்கட்டும். லயத்துக்கு மேலேயுள்ள கான்களைத் துப்புரவாக்குவது ஒரு நாள் சிரமதானத்தில் முடியும் வேலை. வெளியேறும் குடும்பங்களுக்கு ஆலயமும் பள்ளிக்கூடமும் கதவைத் திறந்து வைக்கட்டும்.

ஆட்டையும் மாட்டையும், சேர்த்து வைத்த சாமான்களையும் விட்டுப் போக மனம் வராது. அது மனித இயல்பு. ஆனால் இரவில் ஒருமுறை வீணாக வெளியேறி, காலையில் சிரித்துக்கொண்டு திரும்பி வருவது இழப்பல்ல. அப்படி ஒன்பது தடவை வீணாகப் போனாலும், பத்தாவது தடவை பிள்ளைகள் மிஞ்சுவார்கள்.

டிசம்பர் 5ஆந் திகதி குடும்பச் செபத்தில் இந்த ஆயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மீரியபெத்தையிலும் மற்ற மலைகளிலும் மண்ணுக்குள் துயிலும் நம் சகோதரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். செபம் முடிந்ததும், வெளியே மழை பெய்துகொண்டிருந்தால், கையில் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்சுவரையும் மேலேயுள்ள கானையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் படுங்கள். அவருக்கு அதுவும் செபமாகவே தோன்றும்.